கம்பெனி கோவையில், ஊழியர் யாழ்ப்பாணத்தில்: எந்த நாட்டுச் சட்டம் செல்லும்?

சிறிய மென்பொருள் நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் வேலை ஒப்பந்தமும் பார்த்துக்கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் கோவை, திருப்பூர்ப் பக்கத்து நிறுவனங்கள். பத்துப் பேர், இருபது பேர் வேலை பார்க்கிற இடங்கள். கொரோனாவுக்குப் பிறகு இவர்களில் பலர் வெளிநாட்டில் இருப்பவர்களை அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சேர்த்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு புரோகிராமர், மணிலாவில் வாடிக்கையாளர் சேவைக்கு ஒருவர், பெர்லினில் விற்பனைக்கு ஒருவர் என்று.

அந்த ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "இந்த ஒப்பந்தம் இந்தியச் சட்டங்களுக்கு உட்பட்டது. கோயம்புத்தூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் உண்டு." இது இருந்தால் போதும், வேறு நாட்டுத் தொழிலாளர் சட்டம் எதுவும் நம்மைத் தொடாது என்று முதலாளிகள் நம்புகிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களும் அப்படியே நம்புகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அந்த இரண்டாவது நம்பிக்கைதான். தனக்கு லீவும் பி.எஃப்.பும் கிடையாது என்று நினைத்துக்கொண்டே ஒருவர் வருடக்கணக்காக வேலை செய்கிறார். முதலாளியோ தெரியாமலே ஒரு பெரிய பாக்கியைச் சேர்த்துக்கொண்டு போகிறார்.

அந்த வரி ஏன் போதாது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எம்.ஆர்.பி. போட்ட தண்ணீர் பாட்டில்

பஸ் ஸ்டாண்ட் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குகிறீர்கள். எம்.ஆர்.பி. 20 ரூபாய். கடைக்காரர் 25 கேட்கிறார். அவசரத்தில் நீங்களும் சரி என்கிறீர்கள். "நானே விரும்பித்தான் 25 தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்த விற்பனை முறையானதாக ஆகிவிடாது. விலையை இரண்டு பேரும் பேசி முடிவுசெய்யலாம், ஆனால் எம்.ஆர்.பி.க்கு உட்பட்டுத்தான்.

தொழிலாளர் சட்டம் இதையே தலைகீழாகச் செய்கிறது. எம்.ஆர்.பி. மேல் எல்லை என்றால் இது கீழ் எல்லை. குறைந்தபட்சக் கூலி, குறைந்தபட்ச லீவு, வேலையை விட்டு அனுப்பும் முன் தரவேண்டிய கால அவகாசம் ஆகியவற்றுக்கு அரசு ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். கீழே இறங்க இரண்டு தரப்பும் சம்மதித்தாலும் செல்லாது. இப்படி, கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாத விதிகளைக் கட்டாய விதிகள் என்பார்கள்.

சரி, கோடு எந்த நாட்டினுடையது? ஊழியர் வழக்கமாக எந்த நாட்டில் இருந்து வேலை செய்கிறாரோ, பொதுவாக அந்த நாட்டினுடையது. கம்பெனி எங்கே பதிவானது, சம்பளம் எந்த வங்கியிலிருந்து போகிறது, சர்வர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. 2008இல் வந்த ரோம் 1 ஒழுங்குமுறையின் 8ஆவது பிரிவு சொல்வது இது: வேலை ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டத்தையும் இரு தரப்பும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஊழியர் வழக்கமாக வேலை செய்யும் நாட்டின் கட்டாய விதிகள் தரும் பாதுகாப்பை அந்தத் தேர்வு பறிக்க முடியாது. ஆக, பெர்லின் ஊழியரின் ஒப்பந்தத்தில் "இந்தியச் சட்டம்" என்று எழுதலாம், தப்பில்லை. ஜெர்மன் சட்டம் அவருக்குத் தரும் லீவை அந்த வரி குறைக்காது, அவ்வளவுதான். கோவை நீதிமன்றம் பற்றிய வரிக்கும் இதே கதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் முதலாளியின் மீதும், தான் வேலை செய்யும் இடத்து நீதிமன்றத்தில் ஊழியர் வழக்குப் போடலாம்.

மற்ற நாடுகளில் சட்டத்தின் சொற்கள் வேறு. ஆனால் தங்கள் மண்ணில் நடக்கும் வேலையை அளவுகோலாக வைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்று சென்னையில் ஒருவரைச் சேர்த்து, "எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் அனுப்பலாம்" என்று தன் ஊர் வழக்கப்படி எழுதுகிறது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் இடத்தில், மேலாண்மைப் பதவியில் இல்லாத ஒருவர் 6 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கு ஈடான சம்பளமும்) இல்லாமல் அவரை அனுப்ப முடியாது. சென்னைப் பையனுக்கு நாம் எதிர்பார்க்கிற அதே நியாயம்தான் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும்.

இதுவரை பார்த்தது: ஒப்பந்தத்தில் எந்தச் சட்டத்தை எழுதினாலும், வேலை நடக்கும் நாட்டின் கீழ் எல்லை ஊழியரோடு இருக்கிறது. அதற்கு மேல் தருவதற்குத் தடை எதுவும் இல்லை.

கல்யாணச் சமையலும் மெஸ் சமையலும்

இதைச் சொன்னதும் முதலாளிகள் உடனே சொல்லும் பதில்: "அவர் ஊழியரே இல்லைங்க, காண்ட்ராக்டர். மாதாமாதம் இன்வாய்ஸ் போடுகிறார்." இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் விடுகிறோம். மாஸ்டர் தன் ஆட்களோடு, தன் பாத்திரங்களோடு வருகிறார். ஐநூறு இலைக்கு இவ்வளவு என்று பேச்சு. யாரை வெங்காயம் நறுக்கச் சொல்கிறார், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார் என்பது அவர் பாடு. அதே வாரத்தில் இன்னும் இரண்டு மண்டபத்தில் அவருக்கு வேலை இருக்கும். காய் விலை ஏறினால் நஷ்டம் அவருக்கு.

ஒரு மெஸ்ஸில் சமையல்காரர் இருக்கிறார். காலை ஐந்து மணிக்கு வரவேண்டும். முதலாளி சொல்லும் மெனுவைச் செய்யவேண்டும். ஊருக்குப் போவதென்றால் கேட்டுவிட்டுப் போகவேண்டும். மெஸ்ஸுக்கு அன்று கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அவர் சம்பளம் அதேதான். இவரிடம் ஒரு தாளை நீட்டி, "நான் சமையல் காண்ட்ராக்டர்" என்று கையெழுத்து வாங்கினால் இவர் கல்யாண மாஸ்டர் ஆகிவிடுவாரா?

சட்டமும் இப்படித்தான் கேட்கிறது. நேரத்தையும் முறையையும் முடிவுசெய்வது யார், கருவி யாருடையது, லாப நஷ்டம் யார் தலையில், அவர் வேறு ஆளைத் தன் இடத்தில் அனுப்ப முடியுமா? தாளில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட நடப்பு என்ன என்பதுதான் முக்கியம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் வெளியிட்ட 198ஆவது பரிந்துரையின் சாரமும் இதுவே. ஊழியராக இருப்பவரைக் காண்ட்ராக்டர் என்று பதிவுசெய்வதற்குத் தவறான வகைப்படுத்தல் என்று பெயர். பிரிட்டனில் ஊபர் டிரைவர்கள் தொடுத்த வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நிறுவனத்தின் ஒப்பந்தம் அவர்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்றது. கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், பயணத்தை மறுத்தால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் பார்த்த உச்ச நீதிமன்றம், அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு லீவும் உண்டு என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது.

26 இன்வாய்ஸ்கள்

என்னிடம் வந்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை செய்த ஒரு பெண், தாளில் "தொழில்நுட்ப ஆலோசகர்". கோப்பில் 26 இன்வாய்ஸ்கள், 1 முதல் 26 வரை வரிசை எண்ணோடு. எல்லாவற்றிலும் தொகை ஒன்றே: இலங்கை ரூபாயில் 2,00,000. தேதியும் ஒன்றே, மாதக் கடைசி நாள். அவருக்கு வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை. தினமும் காலை 9.30க்கு வீடியோ கூட்டம். லேப்டாப் கம்பெனி கொரியர் செய்தது. நடுவில் ஒரு மின்னஞ்சல்: "அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும், வியாழன் லீவு கிடைக்குமா சேர்?" அதற்கு மேலாளரின் பதில்: "இந்த வாரம் முடியாது."

லீவு கேட்கிறார், மறுக்கிறார்கள். கல்யாண மாஸ்டரிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா?

இவரை ஊழியர் என்று கொண்டால் கணக்கு எப்படி வரும் என்று அன்று உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். நாம் பி.எஃப். என்பதை இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியம் என்பார்கள். ஊழியர் பங்கு 8 விழுக்காடு, முதலாளி பங்கு 12. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 விழுக்காடு கட்டவேண்டும். 2,00,000 சம்பளத்துக்கு முதலாளி தரப்பில் மாதம் 24,000மும் 6,000மும், மொத்தம் 30,000. 26 மாதத்துக்கு 7,80,000. பிடிக்காமல் விட்ட ஊழியர் பங்கு தனி. சேமலாப நிதியத்துக்குத் தாமதமாகக் கட்டினால் தாமதத்தைப் பொறுத்து 50 விழுக்காடு வரை மேல்கட்டணம் தனி. முதலாளி கால்குலேட்டரை வாங்கித் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஏமாற்ற நினைத்தவர் இல்லை அவர். யாரோ நண்பர் கொடுத்த மாதிரி ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டவர்.

நாட்டுக்கு நாடு கோடு எங்கே?

எல்லா நாட்டையும் இங்கே சொல்ல முடியாது. நம்மவர்கள் அடிக்கடி ஆள் சேர்க்கும், அல்லது நம்மவர்கள் போய் வேலை செய்யும் சில இடங்களை மட்டும் தொட்டுப் போகிறேன்.

இலங்கையில் அலுவலக ஊழியருக்கு முதல் வருடம் கழிந்ததும் ஆண்டுக்கு 14 நாள் ஆண்டு விடுமுறை, அதைத் தவிர 7 நாள் தற்செயல் விடுமுறை. மாதந்தோறும் பௌர்ணமி அன்று போயா விடுமுறை வரும். கோவைக் காலண்டரில் அது சாதாரண வேலைநாள். போயா அன்று வேலை வாங்கினால் அந்த நாளுக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். மகப்பேறு விடுமுறை 84 நாள். இந்தியாவில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்பதால், இங்கே இருக்கும் பெண்களுக்குத் தருவதையே அங்கே இருப்பவருக்கும் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் முன்வந்தது. கோட்டுக்கு மேலே தருவது என்றால் இதுதான். எனக்கு மிகவும் பிடித்த ஒப்பந்தம் அது.

ஜெர்மனியில் வாரம் 5 நாள் வேலை என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு லீவு. உடம்பு சரியில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் 6 வாரம் வரை முழுச் சம்பளத்தை முதலாளியே தரவேண்டும், அது லீவுக் கணக்கில் கழியாது. "சிக் லீவு தீர்ந்துபோச்சு" என்று நாம் சொல்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பிலிப்பைன்ஸில் 13ஆவது மாதச் சம்பளம் என்று ஒன்று உண்டு. 1975ஆம் ஆண்டின் ஆணைப்படி, அந்த வருடம் வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை டிசம்பர் 24க்குள் தந்துவிடவேண்டும். நம் தீபாவளி போனஸ் மாதிரி முதலாளியின் மனசைப் பொறுத்தது என்று நினைத்து நவம்பரில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 30 நாள் லீவு. ஒரு வருடம் முடித்த வெளிநாட்டு ஊழியருக்கு விடைபெறும்போது பணிக்கொடை: முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். ஆள் சேர்க்கும் செலவை ஊழியரிடம் வாங்கக்கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக்கூடாது என்பதும் அங்கே சட்டம்தான். நம் கிராமங்களில் விசாவுக்கென்று நகையை அடகு வைத்துக் கொடுக்கிறார்களே, அவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும்.

அமெரிக்கா இதற்கெல்லாம் எதிர்முனை. தனியார் நிறுவனம் சம்பளத்தோடு ஆண்டு விடுமுறை தரவேண்டும் என்று அங்கே கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஓவர்டைம் பெறத் தகுதியுள்ள ஊழியர் வாரம் 40 மணிக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கொடுத்தாக வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் இருப்பதால் ஊழியர் எந்த மாநிலம் என்பதையும் கேட்கவேண்டும்.

வேலையை விட்டு அனுப்பும் நாள்

சேர்க்கும்போது யாரும் சட்டத்தைப் பற்றி யோசிப்பதில்லை. பிரச்சினை எல்லாம் அனுப்பும்போதுதான் வெளியே வருகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வேலையை முடித்துக்கொள்வதாகச் சொன்ன நாளுக்கும் கடைசி வேலைநாளுக்கும் இடையே தரும் அவகாசம்தான் நோட்டீஸ் காலம். இது மட்டும் தந்தால் எவரையும் எங்கும் அனுப்பலாம் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில் பொதுவாகக் காரணமோ நோட்டீஸோ இல்லாமல்கூட அனுப்பலாம், இனம், பால், மதம் போன்ற பாகுபாடு காரணமாக இல்லாதவரை. நம் ஐ.டி. துறை அமெரிக்காவைப் பார்த்து வளர்ந்தது என்பதால், உலகமே அப்படித்தான் என்கிற எண்ணம் நமக்குள் படிந்துவிட்டது.

இலங்கையைப் பாருங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் எண் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 180 நாளுக்கு மேல் பணியில் இருந்த ஒருவரை ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக அனுப்பவேண்டும் என்றால், ஒன்று அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். "புராஜெக்ட் முடிந்துவிட்டது" என்பது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

ஜெர்மனியில் சிக்கல் வேறு. அங்கே வேலைநீக்கக் கடிதம் காகிதத்தில், பேனாவால் போட்ட கையெழுத்தோடு ஊழியரின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் பி.டி.எஃப். அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை லாகினை மூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஊழியரின் வழக்கறிஞரிடமிருந்து நான்கே வரியில் பதில்: கையெழுத்திட்ட மூலக் கடிதம் வரவில்லை, ஆகவே வேலை தொடர்கிறது, சம்பளமும் தொடர்கிறது. கோவையிலிருந்து கொரியரில் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் நோட்டீஸ் காலமே எண்ணப்பட்டது. ஆரம்ப நிலையில் அது குறைந்தது 4 வாரம், மாதத்தின் 15ஆம் தேதியிலோ கடைசி நாளிலோ முடியவேண்டும். சோதனைக் காலத்தில் 2 வாரம். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 6 மாதம் தாண்டியவரை அனுப்பச் சட்டம் ஏற்கும் காரணமும் வேண்டும். சிறிய நிறுவனங்களுக்கு அந்தக் கடைசி நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு, காகிதக் கடிதத்திலிருந்து யாருக்கும் இல்லை. ஊழியர் தரப்பும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: நீக்கத்தை எதிர்க்க விரும்பினால் கடிதம் கிடைத்த 3 வாரத்துக்குள் வழக்குப் போடவேண்டும்.

சுருக்கமாக: நோட்டீஸ் என்பது ஒரு படி மட்டும். சில நாடுகளில் காரணம், சில நாடுகளில் அனுமதி, சில நாடுகளில் கடிதத்தின் வடிவம் என்று கூடுதல் படிகள் இருக்கின்றன. அனுப்பும் முன் அதைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும்.

அனுப்புவது வேறு, அங்கேயே சேர்ப்பது வேறு

கோவை ஊழியரைச் சில காலத்துக்கு ஜெர்மனிக்கு வேலையாக அனுப்புவதும், ஜெர்மனியில் வாழ்பவரைப் புதிதாகச் சேர்ப்பதும் ஒன்றில்லை. முதலாவதில் அவருடைய பி.எஃப். இந்தியாவிலேயே தொடரலாம். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு உடன்பாடு 2017 மே முதல் நடப்பில் இருக்கிறது. வைப்பு நிதி அலுவலகத்தில் காப்புச் சான்றிதழ் வாங்கிச் சென்றால், இரண்டு நாட்டிலும் ஓய்வூதியத்துக்குக் கட்டும் இரட்டைச் சுமை அந்தக் காலத்துக்கு இராது. இரண்டாவதில் இந்தச் சலுகை கிடையாது. அவர் முழுக்க அந்த நாட்டு அமைப்புக்குள் வருகிறவர்.

அப்புறம் எப்படித்தான் சேர்ப்பது?

அங்கே சொந்தமாக ஒரு கம்பெனியைப் பதிவுசெய்யலாம். ஒரே ஒரு ஆளுக்காக அதைச் செய்வது சிறியவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்த வழி, எம்ப்ளாயர் ஆப் ரெக்கார்ட், சுருக்கமாக ஈ.ஓ.ஆர். அந்த நாட்டிலேயே பதிவான ஒரு நிறுவனம் தாளில் முதலாளியாக இருந்து சம்பளம், வரி, நிதிப் பங்களிப்பு, லீவு எல்லாவற்றையும் உள்ளூர்ச் சட்டப்படி பார்த்துக்கொள்ளும். அன்றாட வேலையைச் சொல்வது நீங்கள். அதற்கு மாதக் கட்டணம் உண்டு. முழுப் பொறுப்பும் கைமாறிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஜெர்மனியில் இப்படி ஆள் வழங்க உரிமம் தேவை, ஒரே ஊழியரை ஒரே வாடிக்கையாளரிடம் பொதுவாக 18 மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. ஊழியரைத் தொந்தரவு செய்தால், பாகுபாடு காட்டினால், அது செய்தவரிடம்தான் வந்து நிற்கும்.

உண்மையிலேயே கல்யாண மாஸ்டர் மாதிரி ஒருவர் வேண்டும் என்றால் காண்ட்ராக்ட் போடுங்கள். முடிக்கவேண்டிய வேலையை எழுதுங்கள், தொகையை எழுதுங்கள். காலை 9.30 கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

ஊழியர் விற்பனை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறவராக இருந்தால், அந்த நாட்டில் உங்களுக்கு நிலையான தொழில் இடம் இருப்பதாகக் கருதி வருமான வரி கேட்கவும் வாய்ப்பு உண்டு. அது ஆடிட்டரிடம் கேட்கவேண்டிய தனிக் கணக்கு.

அந்த 26 இன்வாய்ஸ் கோப்பில் 27ஆவது வரவில்லை. கொழும்பில் பதிவான ஒரு ஈ.ஓ.ஆர். வழியாக அந்தப் பெண்ணை ஊழியராக எடுத்துக்கொண்டார்கள். பழைய பாக்கியையும் பேசித் தீர்த்தார்கள். புது ஒப்பந்தத்தை வீடியோவில் ஒவ்வொரு பத்தியாக நான்தான் படித்துக் காட்டினேன். முடித்ததும், ஏதாவது கேட்கவேண்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேமலாப நிதி இலக்கம் எப்ப வரும்?" என்று கேட்டார். அப்புறம், "அடுத்த போயாவுக்கு நான் கூட்டத்துக்கு வரத் தேவையில்லைதானே?" என்றார். தேவையில்லை என்று முதலாளியே முந்திக்கொண்டு சொன்னார்.